காலி குடோன்ல பொறந்த ஆட்டம்: நைட்கிளப் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லின்ல நாலு வருஷம் வேலை பாத்துட்டு ஊருக்கு வந்ததுலேர்ந்து, பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில "அங்க கிளப்புக்கெல்லாம் போனியா, எப்படி இருக்கும்"ங்கிற இடத்துல தான் வந்து நிக்குது. பதில் சொல்ல எனக்கும் ஆசை தான், ரொம்ப பிடிச்ச விஷயம் இது, பல வருஷமா தேடித் தேடி படிச்சுட்டும் இருக்கேன். அதனால ஃப்ரெண்ட்ஸ், சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட இருக்கறவங்கன்னு எல்லாரும் கேட்டதை சேத்து இங்க எழுதிட்டேன். பெரும்பாலும் நியூயார்க், சிகாகோ, மான்செஸ்டர், லண்டன், பெர்லின் கதை தான் வரும், ஏன்னா இன்னைக்கு கிளப்னு நாம சொல்றது இந்த ஊருங்க வழியா வந்தது.

நைட்கிளப்னா குடிக்கிற இடம் தானே, அதுல என்ன கல்ச்சர் வேண்டிக்கெடக்கு?

எங்க பெரியப்பா இதே வார்த்தையில கேட்டாரு. அவருக்கு சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். கிளப் வரலாறுல ரொம்ப முக்கியமான ரெண்டு இடம்னு கேட்டா நியூயார்க்ல இருந்த லாஃப்ட், பாரடைஸ் கராஜ், இந்த ரெண்டையும் தான் விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. ரெண்டுலயுமே மது விக்கல. இங்கிலாந்துல விகன்னு ஒரு சின்ன ஊருல 1973-லேர்ந்து 1981 வரைக்கும் விகன் கேசினோன்னு ஒரு இடம், நாடு முழுக்க இருந்து பஸ் புடிச்சு வந்து விடிய விடிய ஆடுவாங்க, அங்கயும் ராத்திரி ஆட்டத்துல சரக்கு கிடையாது.

குடி இல்லாத கிளப் நிறைய இருந்திருக்கு, ஆட்டம் இல்லாத கிளப் இருந்ததில்ல. பகல்ல வேற எங்கயும் இயல்பா இருக்க முடியாதவங்க ராத்திரில தங்களுக்குன்னு ஒரு இடத்த உண்டாக்கிக்கிட்டாங்க, இந்த கதையோட அடி அது தான். அந்த இடம் எப்பவுமே யாருக்கும் வேண்டாத இடமா இருந்துச்சு, காலி குடோன், மூடிப்போன சர்ச், பழைய கார் ஷெட், பாதாள பேங்க் லாக்கர்.

முன்னாடியெல்லாம் பேண்ட் வாசிப்பாங்கல்ல, டிஜேன்னு ஒரு ஆள் எப்ப வந்தாரு?

பாரிஸ்ல வந்தாங்கன்னு சொல்லுவாங்க, அதுவும் ஒரு பொண்ணு. ரெஜின்னு பேரு, 1953-ல விஸ்கி ஆ கோகோங்கிற கிளப்ப பாத்துக்கிட்டு இருந்தாங்க. அங்க ஜூக்பாக்ஸ் இருந்துச்சு, காச போட்டா ஒரு பாட்டு, அது முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள ஒரு அமைதி, அந்த அமைதில ஆடறவங்க எல்லாம் கலைஞ்சு உக்காந்துடுவாங்க. ரெஜின் ஜூக்பாக்ஸ தூக்கிட்டு ரெண்டு டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு சுத்தற மெஷின் வெச்சாங்க, ஒண்ணு முடியும்போது இன்னொண்ணு ஆரம்பிக்கும், இடைவெளி கிடையாது. இன்னைக்கு வரைக்கும் டிஜே வேலையோட அடிப்படை இது தான்.

அடுத்த பெரிய நகர்வு நியூயார்க்ல. ஃபிரான்சிஸ் கிராசோன்னு ஒருத்தர், சாங்சுவரின்னு ஒரு கிளப், அது அதுக்கு முன்னாடி சர்ச்சா இருந்த கட்டடம். ரெண்டு ரெக்கார்டோட தாளத்தையும் ஒண்ணா சேத்து, ஒரு பாட்டு எங்க முடிஞ்சுது அடுத்தது எங்க தொடங்குச்சுன்னே தெரியாம ஓட்டுனதுல அவர் முன்னோடி. 1972-ல டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வந்துச்சு, அதுல பெல்ட் கிடையாது, மோட்டாரே நேரா தட்ட சுத்தும், வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி கொறைக்கலாம். அந்த வசதி இல்லன்னா இந்த கலை இவ்வளவு தூரம் போயிருக்காது.

டிஸ்கோன்னா பளபள சட்டை, சுத்தற கண்ணாடி பந்து. அது தானே ஆரம்பம்?

அது டிஸ்கோவோட கடைசி கட்டம், ஆரம்பம் இல்ல. ஆரம்பத்த புரிஞ்சுக்கணும்னா அன்னைக்கு நியூயார்க்ல ஆடறதே எவ்வளவு கஷ்டம்னு தெரியணும். 1926-லேர்ந்து அங்க கேபரே சட்டம்னு ஒண்ணு, சாப்பாடோ மதுவோ விக்கிற இடத்துல ஜனங்க ஆடணும்னா தனி லைசென்ஸ் வேணும், அத வெச்சு ஹார்லெம்ல கருப்பின மக்களோட ஜாஸ் கிளப்புகள தான் அதிகமா அடிச்சாங்க. அந்த சட்டம் 2017-ல தான் போச்சுன்னா நம்புவீங்களா, 91 வருஷம். இதோட ரெண்டு ஆம்பளைங்க சேந்து ஆடுனா போலீஸ் வந்துடும். 1969 ஜூன் 28 அதிகாலை ஸ்டோன்வால் இன்னுங்கிற பாருக்கு வழக்கம்போல போலீஸ் ரெய்டு வந்தப்ப, அங்க இருந்த கே மக்களும் திருநங்கைகளும் இனிமே முடியாதுன்னு எதுத்து நின்னாங்க, பல நாள் தெருவுல போராட்டம்.

அதுக்கு அடுத்த வருஷம், 1970 காதலர் தினத்தன்னைக்கு, டேவிட் மன்குசோன்னு ஒருத்தர் பிராட்வேல தான் குடியிருந்த பழைய குடோன் வீட்டுலயே ஒரு பார்ட்டி வெச்சாரு. அது தான் லாஃப்ட். அழைப்பு இருந்தா தான் உள்ள போகலாம், ஆனா அந்த அழைப்பு பணக்காரனுக்குன்னு இல்ல, கருப்பினத்தவங்க, லத்தீன் மக்கள், கே மக்கள், கையில காசு இல்லாதவங்க எல்லாருக்கும். உள்ள பழம், ஜூஸ், பலூன், ஒரு குழந்தை பொறந்தநாள் மாதிரி தான் இருக்குமாம். ஆனா ஸ்பீக்கர் மட்டும் உச்சபட்ச தரம், அந்த விஷயத்துல அவர் விட்டுக்கொடுத்ததே இல்ல. மது விக்காததால கேபரே லைசென்ஸ் பிடிக்குள்ளயும் வரல. எனக்கு இந்த மொத்த வரலாறுலயும் ஒரே ஒரு ராத்திரிக்கு போக விட்டா அங்க தான் போவேன்.

லாஃப்ட்ல ஆடுன பசங்கள்ல ஒருத்தர் லாரி லெவான். அவருக்காகவே கட்டுன மாதிரி 84 கிங் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய கார் பார்க்கிங் கட்டடத்துல 1977-லேர்ந்து 1987 வரைக்கும் பாரடைஸ் கராஜ் ஓடுச்சு. ரிச்சர்ட் லாங் போட்டுக்கொடுத்த சவுண்ட் சிஸ்டம், நெஞ்சுக்கூட்டுல வந்து அடிக்குமாம். இங்கிலாந்துல இன்னைக்கு வரைக்கும் ஒரு வகை டான்ஸ் மியூசிக்குக்கு கராஜ்னு பேர் இருக்குல்ல, அந்த பேர் இந்த கார் ஷெட்லேர்ந்து போனது.

ஸ்டுடியோ 54 தான் எல்லாத்துக்கும் ராஜான்னு சொல்றாங்களே?

ஃபோட்டோவுல ராஜா. 1977 ஏப்ரல்ல திறந்தாங்க, பழைய ஓபரா தியேட்டர், நடுவுல டிவி ஸ்டுடியோவா இருந்த கட்டடம். ஸ்டீவ் ரூபெல், இயன் ஷ்ரேகர் ரெண்டு பேரும் நடத்துனாங்க. வாசல்ல வெல்வெட் கயிறு, ரூபெல் நின்னு நீ வா நீ போன்னு கை காட்டுவாரு. வருமான வரி மோசடில ரெண்டு பேரும் ஜெயிலுக்கு போனாங்க, 1980 பிப்ரவரியோட முதல் காலம் முடிஞ்சுது. மூணு வருஷம் கூட இல்ல.

ஒரு விஷயம் மட்டும் அங்கேர்ந்து உலகம் முழுக்க பரவுச்சு, அது வாசல்ல ஆள் பொறுக்குறது. லாஃப்ட்ல வெளிய ஒதுக்கப்பட்டவங்களுக்காக கதவு திறந்துச்சு, இங்க பிரபலத்துக்காக திறந்துச்சு. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு கிளப்பும் இந்த ரெண்டுல எந்த பக்கம்னு பாத்தாலே அதோட குணம் தெரிஞ்சுடும்னு நான் நெனைக்கிறேன்.

அப்புறம் டிஸ்கோ ஏன் திடீர்னு காணாம போச்சு?

1979 ஜூலை 12, சிகாகோல கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால்னு ஒரு ரேடியோ ஆள், டிஸ்கோ ரெக்கார்டு கொண்டு வந்தா டிக்கெட் விலை கம்மின்னு கூப்பிட்டாரு, சுமார் 50,000 பேர் வந்தாங்க, ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல மைதானத்து மத்தியில ரெக்கார்டுகள குவிச்சு வெடி வெச்சு தகர்த்தாங்க. கூட்டம் உள்ள பாஞ்சு புல்தரையெல்லாம் நாசம், ரெண்டாவது ஆட்டமே நடக்கல, ஊர் டீம் தோத்ததா அறிவிச்சாங்க. பாட்டு பிடிக்காதது மட்டும் தான் காரணம்னு சொல்லுவாங்க, ஆனா அங்க வேலை பாத்த கருப்பின இளைஞர்கள்ல ஒருத்தர், வின்ஸ் லாரன்ஸ், பின்னாடி ஹவுஸ் மியூசிக் தயாரிச்சவரு, ஜனங்க கொண்டு வந்ததுல டிஸ்கோவே இல்லாத சோல், ஃபங்க்னு வேற வகை கருப்பின பாட்டு ரெக்கார்டெல்லாம் இருந்துச்சுன்னு சொல்லியிருக்காரு. கருப்பின பாட்டுன்னா கொண்டு வா, உடைன்னு ஆயிருச்சு.

ரெக்கார்டு கம்பெனிங்க டிஸ்கோங்கிற வார்த்தையவே கைவிட்டாங்க. ஆனா ஆடறவங்க எங்கயும் போகல, அதே சிகாகோல வேற ஒரு குடோனுக்குள்ள போயிட்டாங்க.

ஹவுஸ், டெக்னோ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ரெண்டும் டும் டும் டும் தான்.

அந்த குடோன் பேரு வேர்ஹவுஸ், 206 சவுத் ஜெஃபர்சன் ஸ்ட்ரீட். நியூயார்க்லேர்ந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977-லேர்ந்து 1982 வரைக்கும் அங்க டிஜே. பழைய டிஸ்கோ பாட்ட டேப்புல வெட்டி ஒட்டி ஓட்டுவாரு, பின்னாடி டிரம் மெஷின் தாளத்தையும் சேத்துக்கிட்டாரு. வேர்ஹவுஸ்ல போடற பாட்டுன்னு கடையில கேக்க ஆரம்பிச்சு, அது சுருங்கி ஹவுஸ் ஆச்சுன்னு சொல்லுவாங்க. அதுல சர்ச் பாட்டோட உருக்கம் இருக்கும், மனுஷக் குரல் இருக்கும், பியானோ இருக்கும்.

டெக்னோ டெட்ராய்ட்ல பொறந்துச்சு. கார் ஃபேக்டரிங்க மூடி, ஜனங்க ஊர விட்டு போயி, தெருத்தெருவா காலியா கெடந்த ஊரு. பக்கத்துல பெல்வில்ங்கிற இடத்துல ஒரே ஸ்கூல்ல படிச்ச மூணு கருப்பின பசங்க, ஹுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ஐரோப்பாவோட எலக்ட்ரானிக் பாட்டையும் அமெரிக்க ஃபங்க்கையும் கலந்து, குரல் கம்மியா, மெஷின் சத்தம் அதிகமா, எதிர்காலத்த பத்தின கனவு மாதிரி ஒண்ணு செஞ்சாங்க. டெக்னோன்னா வெள்ளக்கார ஜெர்மன்காரங்களோடதுன்னு நெனைக்கிற நெறைய பேர நான் பெர்லின்லயே பாத்திருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

ரெண்டுக்குமே கை கொடுத்தது ரோலண்ட் கம்பெனியோட தோத்துப்போன மெஷினுங்க. டிரம் சத்தம் போடற டிஆர்-808, பேஸ் சத்தம் போடற டிபி-303, ரெண்டும் 80-களோட ஆரம்பத்துல வந்துச்சு, நிஜ டிரம்ஸ் மாதிரி நிஜ பேஸ் கிட்டார் மாதிரி கேக்கலன்னு அதிகம் பேர் வாங்கல, செகண்ட்ஹேண்ட் கடையில மலிவா கெடைச்சுது, காசில்லாத பசங்க வாங்குனாங்க. சிகாகோல ஃபியூச்சர்ங்கிற குழு 303-யோட பட்டன்கள திருகித் திருகி ஒரு கீச்சு சத்தம் கொண்டு வந்தாங்க, 1987-ல ரெக்கார்டா வந்துச்சு, அதுக்கு பேரு தான் ஆசிட் ஹவுஸ்.

இதுல நமக்கு பக்கமா ஒரு விஷயம். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1982-ல, பம்பாய்ல சினிமா பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருந்த சரண்ஜித் சிங், இதே 303, 808 ரெண்டையும் வெச்சு ராகங்கள டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஒரு ரெக்கார்டு போட்டாரு. யாரும் கண்டுக்கல. 2010-ல மறுபடி வெளியானப்ப தான் கேட்டவங்க எல்லாம் ஆடிப்போயிட்டாங்க, ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கு, சிகாகோ தெரியாம பம்பாய்ல ஒருத்தர் தனியா அங்க போய் சேந்திருக்காரு. எனக்கு காரணம் லேசா புரியுது, அந்த மெஷின் ஒரு சுரத்துலேர்ந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கிட்டு போகும், ராகம் வாசிக்கிறவர் காதுக்கு அது கமகம் மாதிரி பட்டிருக்கும்.

எய்ட்ஸ் வந்தப்ப இந்த கிளப்புங்களுக்கு என்ன ஆச்சு?

இத யாரும் அதிகம் கேக்குறதில்ல, கேட்ட ஒரே ஆள் என் காலேஜ் ஃப்ரெண்ட். நியூயார்க்ல அந்த தலைமுறையோட டிஜே, டான்சர், லைட் போடறவங்க, பார்ட்டிக்கு வர்றவங்கன்னு ஏகப்பட்ட பேர் சில வருஷத்துக்குள்ள போயிட்டாங்க. பாரடைஸ் கராஜோட ஓனர் மைக்கேல் பிராடியும் 1987-ல எய்ட்ஸ்ல இறந்தாரு, கிளப் மூடுன அதே வருஷம். அரசாங்கம் வாயே திறக்காத 1982-லயே எய்ட்ஸ் நோயாளிகளுக்காக நிதி திரட்டுற ஆட்டம் அந்த கராஜ்ல தான் நடந்துச்சு. ஆடறதுக்கு கூடுனவங்களே ஒருத்தர ஒருத்தர் ஆஸ்பத்திரில பாத்துக்கிட்டாங்க, அடக்கமும் செஞ்சாங்க.

இதெல்லாம் அமெரிக்கா. இங்கிலாந்துல எப்படி இவ்வளவு பெருசாச்சு?

மான்செஸ்டர்ல ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் கம்பெனியும் நியூ ஆர்டர் பேண்டும் சேந்து 1982 மே மாசம் ஹசியெண்டான்னு ஒரு கிளப் திறந்தாங்க, முன்னாடி படகு ஷோரூமா இருந்த கட்டடம். முதல் சில வருஷம் ஈயடிச்சுது, குளிரும், சவுண்டும் சரியில்ல, பேண்டோட ரெக்கார்டு விக்கிற காசெல்லாம் இதுல தான் கரைஞ்சுது. அப்புறம் சிகாகோ, டெட்ராய்ட் பாட்டு வந்து சேந்துச்சு, வாசல்ல தெரு நீளத்துக்கு கியூ.

லண்டன்ல வேற வழியா வந்துச்சு. 1987 கோடையில டேனி ராம்ப்ளிங், பால் ஓக்கன்ஃபோல்ட்னு சில டிஜே பசங்க ஸ்பெயின்ல இபிசா தீவுக்கு போனாங்க, அங்க அம்னீசியாங்கிற கிளப்ல அல்ஃப்ரெடோன்னு அர்ஜென்டினாக்காரர் வானத்துக்கு கீழ திறந்தவெளில எல்லா வகை பாட்டையும் கலந்து போட்டுக்கிட்டு இருந்தாரு. திரும்பி வந்து ராம்ப்ளிங் தெற்கு லண்டன்ல ஒரு ஜிம்முல ஷூம்னு ஆரம்பிச்சாரு, சில நூறு பேர், அறை முழுக்க புகை, மஞ்சள் ஸ்மைலி முகம். 1988 கோடைக்குள்ள நாடே அந்த ஸ்மைலிய மாட்டிக்கிட்டு திரிஞ்சுது. கிளப்புங்க ராத்திரி 2, 3 மணிக்கு மூடியாகணும்ங்கிறதால ஜனங்க லண்டன சுத்தி ஓடற எம்25 ரோட்டுல காருல சுத்தி, ஃபோன் பூத்துலேர்ந்து ஒரு நம்பருக்கு அடிச்சு இடம் எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வயக்காட்டுக்கும் குடோனுக்கும் போனாங்க, அது தான் ரேவ். 1992 மே மாசம் காசில்மார்ட்டன்ல 20,000 பேருக்கு மேல கூடி ஒரு வாரம் கலையல. 1994-ல அரசாங்கம் சட்டமே போட்டுச்சு, அதுல திரும்பத் திரும்ப வர்ற தாளம் இருக்கிற சத்தம்னு சொல்லி பாட்டுக்கு ஒரு சட்ட விளக்கம். ஒரு நாட்டு பார்லிமெண்ட் தாளத்துக்கு எதிரா சட்டம் எழுதுன கதை இது.

வெளிய ஆட விடாததால கூட்டம் மறுபடி லைசென்ஸ் உள்ள கட்டடத்துக்குள்ள வந்துச்சு. பாரடைஸ் கராஜ மனசுல வெச்சு 1991-ல ஆரம்பிச்ச மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட், அப்புறம் 1992-ல லிவர்பூல்ல கிரீம், கிளப்பே பிராண்டாச்சு, சட்டை வித்தாங்க, சிடி வித்தாங்க.

அப்ப அங்க இருந்த நம்ம ஊரு பசங்க என்ன பண்ணாங்க?

80-கள்ல பிரிட்டன்ல வளந்த இந்திய, பாகிஸ்தானிய குடும்பத்து பசங்களுக்கு, முக்கியமா பொண்ணுங்களுக்கு, ராத்திரி வெளிய போக வீட்டுல விட மாட்டாங்க. அதனால பகல்லயே பார்ட்டி நடந்துச்சு, டே டைமர்னு பேரு. ஸ்கூல் பையில மாத்துத் துணி, பஸ் ஏறி போயி மத்தியானம் பாங்ரா பாட்டுக்கு ஆடிட்டு, யூனிஃபார்ம மாட்டிக்கிட்டு சாயங்காலம் நல்ல புள்ளையா வீட்டுக்கு. 1995-ல தல்வின் சிங் லண்டன் ப்ளூ நோட் கிளப்ல அனோக்கான்னு ஒரு ராத்திரி ஆரம்பிச்சாரு, தபலாவும் டிரம் அண்ட் பேஸ்ங்கிற வேகமான எலக்ட்ரானிக் பாட்டும் ஒண்ணா. நைட்கிளப்புக்கு நைட்டே வேணாம்னு காட்டுன பசங்க இவங்க, அதனால தான் இத தனியா எழுதுறேன்.

போதை மாத்திரை இல்லாம இந்த கல்ச்சர் இருக்கவே முடியாதாமே?

மறைக்க மாட்டேன், எக்ஸ்டசி மாத்திரை பிரிட்டிஷ் ரேவ் காலத்தோட ஒட்டியே வந்துச்சு. அதால செத்தவங்க இருக்காங்க, உடம்பு சூடேறி தண்ணியில்லாம விழுந்தவங்க இருக்காங்க. ஹசியெண்டாவுக்கு அதுவே வினையாச்சு, வந்தவங்க பியர் வாங்காம தண்ணி குடிச்சதால பார்ல வருமானம் இல்ல, மாத்திரை வியாபாரத்த புடிக்க ரவுடி கும்பல் துப்பாக்கியோட வந்துச்சு, 1997-ல மூடிட்டாங்க. சில கிளப்புங்க அந்த நாள்ல குடிதண்ணி குழாய அடைச்சு பாட்டில் தண்ணி வித்த கொடுமையும் நடந்திருக்கு, இப்ப இங்கிலாந்துல மது விக்கிற லைசென்ஸ் இருக்கிற இடத்துல கேட்டா குழாத்தண்ணி இலவசமா கொடுக்கணும்ங்கிறது 2010-லேர்ந்து சட்டம். நான் எதையும் தொட்டதில்ல, ஆறு மணி நேரம் ஆடியிருக்கேன், தாளம் போதும். எடுத்துக்கிட்டவங்கள நான் கேவலமா பாத்ததும் இல்ல, அவங்க பத்திரமா வீடு போய் சேரணும்ங்கிறது தான் எனக்கு முக்கியம்.

பெர்லின்ல மட்டும் எப்படி வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு திங்கக்கிழமை காலைல வரைக்கும்?

அங்க மூடற நேரம்னே ஒண்ணு கிடையாது. இதுக்கு ஒரு கதை இருக்கு. 1949-ல நகரம் ரெண்டா பிரிஞ்சு கெடந்தப்ப, மேற்கு பெர்லின் ஹோட்டல்காரங்க சார்பா ஹைன்ஸ் செல்லர்மாயர்ங்கிறவரு அமெரிக்க கமாண்டர் ஃபிராங்க் ஹவ்லிய ஒரு பாட்டில் விஸ்கியோட போய் பாத்து, கிழக்கு பக்கம் லேட்டா மூடறான், எங்க ஆளுங்க அங்க போயிடறாங்க, இந்த நேரக்கட்டுப்பாடே வேணாம்னு பேசி முடிச்சாரு. எடுத்தாங்க, அதோட சரி, 2020-ல கோவிட் நேரத்துல கொஞ்ச நாள் தவிர திரும்பி வரல.

ரெண்டாவது காரணம் சுவர். 1989 நவம்பர் 9 சுவர் விழுந்துச்சு, கிழக்கு பக்கம் ஃபேக்டரி, பவர் ஸ்டேஷன், கடைன்னு எத்தனையோ கட்டடம் காலியா நின்னுச்சு, யாரு ஓனர்னு கவர்மெண்டுக்கே தெரியல. பசங்க ஒரு ஜெனரேட்டர், ஒரு ஸ்பீக்கர் செட்டோட உள்ள போயிட்டாங்க. டிமிட்ரி ஹேகமானும் கூட்டாளிங்களும் லைப்சிகர் ஸ்ட்ரீட்ல வெர்ட்ஹைம்னு ஒரு பெரிய கடையோட பாதாள லாக்கர் அறைய கண்டுபிடிச்சாங்க. ஒரு யூத குடும்பத்தோட கடை, நாஜிங்க பறிச்சுக்கிட்டது, போர்ல அழிஞ்சு அடித்தளம் மட்டும் மிஞ்சி பல பத்து வருஷம் பூட்டிக்கெடந்தது. 1991 மார்ச்ல அங்க ட்ரெஸோர் திறந்துச்சு, ஜெர்மன்ல அந்த வார்த்தைக்கு இரும்புப் பெட்டகம்னு அர்த்தம். டெட்ராய்ட் டிஜேக்கள வரவழைச்சு வாசிக்க வெச்சாங்க. காலியான ஊருல பொறந்த பாட்டு, இன்னொரு காலியான ஊருல வந்து தங்கிடுச்சு. கிழக்கு, மேற்கு ரெண்டு பக்க பசங்களும் முதல் முதலா பயமில்லாம ஒரே அறையில நின்னது இந்த மாதிரி இடங்கள்ல தான்னு அந்த வயசுக்காரங்க கிட்ட கேட்டிருக்கேன், சொல்லும்போது அவங்க கண்ணு கலங்கும்.

லவ் பரேட் கேள்விப்பட்டிருப்பீங்க, சுவர் விழறதுக்கு நாலு மாசம் முன்னாடி 150 பேரோட ஒரு வேன் பின்னாடி ஆடிக்கிட்டு போன ஊர்வலம், பத்து வருஷத்துல பத்து லட்சத்த தாண்டிருச்சு. அப்புறம் வேற ஊருக்கு மாத்தி, 2010-ல டூயிஸ்பர்க்ல ஒரு சுரங்கப்பாதை பக்கத்து நெரிசல்ல 21 பேர் இறந்து, அதோட நின்னுடுச்சு.

பெர்க்ஹைன்ல ஏன் உள்ள விட மாட்டேங்குறாங்க? அவ்வளவு என்ன இருக்கு உள்ள?

பெர்லின்ல ரொம்ப பேர் போன கிளப் அது, பழைய பவர் ஸ்டேஷன், 2004-ல ஆரம்பிச்சாங்க, அதுக்கு முந்தின ஓஸ்ட்குட்ங்கிற கே கிளப்போட தொடர்ச்சி. வாசல்ல நின்னு யார உள்ள விடறதுன்னு பாக்குற ஸ்வென் மார்க்வார்ட் கிழக்கு பெர்லின்ல வளந்த ஃபோட்டோகிராஃபர், முகம் பூரா டாட்டூ. உள்ள ஃபோட்டோ எடுக்கக் கூடாது, ஃபோன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. அதோட காரணம் தெரிஞ்சா கோபம் வராது, உள்ள இருக்கறவங்க நிறைய பேருக்கு வெளிய ஒரு வாழ்க்கை இருக்கு, யாரோ எடுக்கிற ஒரு வீடியோவுல அவங்க வேலையோ குடும்பமோ போயிடலாம். வாசல்ல ஆள் பாக்குறதும் இதுக்கு தான், வேடிக்கை பாக்க வர்றவங்க அதிகமானா ஆட வர்றவங்க சுருங்கிடுவாங்க.

ஆனா இன்னொரு பக்கமும் சொல்லியே ஆகணும். வேற ஒரு கிளப்ல, எங்க கூட வந்த ஜெர்மன் பசங்கள விட்டுட்டு எங்க ரெண்டு பேர மட்டும் நிறுத்துனாங்க, ரெண்டு பேருமே மாநிறம். காரணம் சொல்லல. அந்த ராத்திரி டிராம்ல வரும்போது பேச்சே வரல. ஜெர்மனில 2006-லேர்ந்து சமமா நடத்தறதுக்கான சட்டம் இருக்கு, நிறம் பாத்து வாசல்ல நிறுத்துனா வழக்கு போடலாம், நஷ்டஈடு வாங்குனவங்களும் இருக்காங்க. ஒதுக்கப்பட்டவங்க உண்டாக்குன கல்ச்சர்ல வாசல்லயே ஒதுக்குறது எனக்கு இன்னும் ஆறல.

டிஜேக்கு கோடிக்கணக்குல காசாமே, பட்டன் தட்டறதுக்கா?

லாஸ் வேகஸ் வந்ததுக்கப்புறம் ஆன கூத்து அது. 2010-களோட ஆரம்பத்துல கேசினோ ஹோட்டலுங்க பெரிய கிளப் கட்டி, டிஜேக்கள வருஷ ஒப்பந்தம் போட்டு கூப்பிட்டாங்க. ஃபோர்ப்ஸ் பத்திரிகையோட 2014 கணக்குப்படி கால்வின் ஹாரிஸ் ஒரே வருஷத்துல 6.6 கோடி டாலர் சம்பாதிச்சாரு. இந்த காசு டிக்கெட்லேர்ந்து வர்றதில்ல, மேஜைலேர்ந்து வருது. பாட்டிலுக்கு கடை விலைய விட பல மடங்கு கொடுத்து மேஜை புடிச்சு உக்காருவாங்க, பட்டாசு சொருகி பாட்டில ஊர்வலமா கொண்டு வருவாங்க. மேஜை பெருகப் பெருக ஆடற தரை சுருங்கிடுச்சு.

மெஷினும் மாறுச்சு. 2001-ல பயனியர் கம்பெனியோட சிடி போடற மெஷின் சிடிஜே-1000 வந்துச்சு, ரெக்கார்டு மாதிரியே கையால திருப்பலாம், அதுக்கப்புறம் ஒரு பென்டிரைவ் போதும், தாளத்தையும் மெஷினே சேத்துக் கொடுக்கும். அதுல எனக்கு வருத்தமில்ல. இந்த கூட்டத்துக்கு இப்ப எந்த பாட்டுன்னு தெரியறது தான் டிஜேயோட வேலை, அத எந்த பட்டனும் செய்யாது. எனக்கு வருத்தமெல்லாம் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து ஆடறத விட்டுட்டு மேடைய பாத்து நிக்கறது மேல தான். லாஃப்ட்ல டிஜே எங்க இருக்காருன்னு யாரும் தேடல.

பொண்ணுங்களுக்கு பாதுகாப்பா?

என் தங்கச்சி வந்தப்ப கூட்டிட்டு போனேன். அவ சொன்னது, நல்லா நடத்தற கிளப்ல ராத்திரி 3 மணிக்கு இருந்த நிம்மதி ஊருல சாயங்காலம் 7 மணி பஸ்ல இல்லன்னு. பெர்லின்ல பல இடத்துல அவேர்னெஸ் டீம்னு ஆளுங்க சுத்திக்கிட்டே இருப்பாங்க, யாராவது தொந்தரவு பண்ணா அவங்க கிட்ட சொன்னா போதும், நம்புவாங்க, அவன வெளிய அனுப்புவாங்க. எல்லா கிளப்பும் அப்படி இல்ல. உங்க டம்ளர கையை விட்டு வெக்காதீங்க, கூட வந்தவங்கள விட்டுட்டு போகாதீங்க.

இதுலயே இன்னொண்ணு சேத்துக்கிறேன், தீ. 1942-ல பாஸ்டன்ல கோகோநட் குரோவ் கிளப் தீயில 492 பேர் செத்தாங்க, சுழல் கதவுல ஆள் சிக்கி அடைச்சுக்கிச்சு, மத்த கதவு பூட்டியிருந்துச்சு இல்ல உள்பக்கமா திறந்துச்சு. வெளிப்பக்கமா திறக்கிற அவசரக் கதவு பத்தின விதியெல்லாம் அதுக்கப்புறம் தான் இறுகுச்சு. அப்படியும் 2003-ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல 100 பேர், 2013-ல பிரேசில்ல கிஸ் கிளப்ல 242 பேர், ரெண்டுமே உள்ள வெச்ச வாணவேடிக்கை, சத்தத்த தடுக்க ஒட்டியிருந்த ஃபோம்ல பட்டு. எந்த கிளப்புக்கு போனாலும் முதல்ல ரெண்டாவது கதவு எங்கன்னு பாருங்க, உள்ள பட்டாசு விடறான்னா கெளம்பிடுங்க.

இப்ப கிளப்பெல்லாம் வரிசையா மூடுதாமே, பசங்க போறதில்லையா?

பசங்க கொறைஞ்சது உண்மை, விலைவாசி, குடிப்பழக்கம் கொறைஞ்சது, கோவிட்ல முதல் கிளப் வயசையே வீட்டுல கழிச்ச ஒரு தலைமுறைன்னு காரணம் பல. 2020 மார்ச்ல பெர்லின்ல ஒரே வாரத்துல எல்லாம் மூடுச்சு, ஒரு கிளப் கோவிட் டெஸ்ட் சென்டரா ஓடுச்சு. ஆனா பெரிய எமன் வாடகை தான். காலியா கெடந்த ஏரியாவுக்கு கிளப் வரும், கிளப்ப பாத்து காஃபி கடை வரும், அத பாத்து ஃபிளாட் கட்டுவாங்க, ஃபிளாட்டுக்கு வந்தவங்க சத்தம்னு போலீஸுக்கு ஃபோன் போடுவாங்க, கிளப் போயிடும். ஆத்தோரத்துல கண்ணாடி ஜன்னலோட இருந்த வாட்டர்கேட் 2024 கடைசில மூடுச்சு, நான் முதல் முதலா சூரிய உதயம் வரைக்கும் ஆடுன இடம்.

இதுக்கு மருந்தும் இருக்கு. புதுசா பக்கத்துல கட்டடம் கட்டறவரு தான் தன் செலவுல சத்தத்த தடுக்கணும்னு ஒரு கொள்கை, ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் 2014-ல கொண்டு வந்துச்சு, 2018-ல இங்கிலாந்து திட்ட விதிகள்லயும் வந்துடுச்சு. லண்டன்ல ஃபேப்ரிக் கிளப் லைசென்ஸ 2016-ல புடுங்குனாங்க, ஜனங்க ஒண்ணு சேந்து பணம் திரட்டி போராடி அடுத்த வருஷ ஜனவரில மறுபடி திறந்தாங்க. ஜெர்மனில 2016-ல ஒரு கோர்ட்டு, பெர்க்ஹைன்ல நடக்கிறது கச்சேரி மாதிரி கலை தான், அதுக்கு 19 சதவீதம் வேணாம், 7 சதவீத வரி போதும்னு சொல்லிடுச்சு. 2021-ல பார்லிமெண்ட் கிளப்புகள கலாச்சார இடமா மதிக்கணும்னு தீர்மானம் போட்டுச்சு, 2024-ல பெர்லின் டெக்னோவ யுனெஸ்கோவுக்கான ஜெர்மனியோட மரபுப் பட்டியல்ல சேத்தாங்க. பெரியப்பாவுக்கு இந்த கடைசி தகவல தான் முதல்ல சொல்லியிருக்கணும்.

முதல் தடவை போறேன், என்ன பண்ணனும்?

காதுக்கு இயர்பிளக் வாங்குங்க, இது தான் முதல் வேலை, காது போனா வராது. வசதியான ஷூ. சாப்பிட்டுட்டு போங்க. ஃபோன பையில வைங்க. ஆடத் தெரியாதுன்னு ஓரமா நிக்காதீங்க, ஸ்பீக்கருக்கு நேரா இல்லாம தரையோட நடுவுல போய் கண்ண மூடி நில்லுங்க, பத்து நிமிஷத்துல கால் தானா போகும், யாரும் உங்கள பாக்க மாட்டாங்க.

அந்த பழைய இடங்களெல்லாம் இப்ப போனா பாக்கலாமா?

நானும் இந்த ஆசையில ஒரு லிஸ்டே போட்டு வெச்சிருந்தேன். ஹசியெண்டாவ இடிச்சுட்டு அதே பேருல ஃபிளாட் கட்டி வித்துட்டாங்க. ஸ்டுடியோ 54 பிராட்வே நாடக தியேட்டரா இருக்கு, டிக்கெட் எடுத்தா உள்ள போகலாம். பாரடைஸ் கராஜ இடிச்சாச்சு. ட்ரெஸோர் 2005-ல அந்த பாதாளத்த விட்டு வெளியேறி, 2007-லேர்ந்து ஒரு பழைய பவர் ஸ்டேஷன்ல ஓடுது, அங்க போய் வந்தேன், இன்னும் நல்லா இருக்கு. சிகாகோ வேர்ஹவுஸ் இருந்த கட்டடமும் இன்னும் நிக்குது. ஃபிராங்கி நக்கிள்ஸ் 2014-ல இறந்துட்டாரு, ஆனா அவர் உயிரோட இருந்தப்பவே, 2004-ல, அந்த தெருவுக்கு அவர் பேர வெச்சாங்க, 2023-ல இடிக்க முடியாதபடி அந்த கட்டடத்த நகரத்தோட பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாங்க. விசா கெடைச்சா அடுத்த வருஷம் போறேன், உள்ள விடலன்னாலும் எதிர்ல நின்னு ஒரு தடவ பாத்துட்டு வருவேன்.